இன்பத்துக்கு எண்ணிக்கை அளவுகோலா?

தூத்துக்குடிக்குத் தெற்கே இன்று சிற்றூராக இருக்கும் கொற்கை, ஒரு காலத்தில் பாண்டியரின் முத்துத் துறைமுகம். 16-ஆம் நூற்றாண்டில் தென்காசியிலிருந்து ஆண்ட அதிவீரராம பாண்டியரை, அவரது 'வெற்றி வேற்கை' கொற்கையின் தலைவர் என்றே குறிப்பிடுகிறது. பிள்ளைகளுக்கு நீதி சொன்ன அவர் பெயரிலேயே தமிழ்க் 'கொக்கோக'மும் வழங்குகிறது. இதில் நம் முன்னோர் முரண் எதையும் காணவில்லை. வள்ளுவரும் 250 குறட்பாக்களை இன்பத்துக்கென ஒதுக்கினார். இன்றோ, மணமாகிப் பல ஆண்டுகளான தம்பதியர்கூட இதைத் தமக்குள் பேசக் கூசுகின்றனர். அந்த மௌனத்தின் சுமை பெரும்பாலும் பெண்கள் மீதே விழுகிறது.

பாலுறவின் உச்சநிலை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வகையில் அமைவதில்லை. உச்சத்துக்குப் பின் ஆணின் உடலுக்கு ஓர் ஓய்வுக் காலம் தேவைப்படுகிறது. இளமையில் அது சில நிமிடங்களாக இருக்கலாம். வயது ஏற ஏற நீளும். பெண்ணுக்கு அத்தகைய கட்டாய ஓய்வு பொதுவாக இல்லை. தூண்டல் தொடர்ந்தால் மீண்டும் உச்சத்தை அடைய இயலும். அமெரிக்காவின் மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் 382 பெண்களையும் 312 ஆண்களையும் ஆய்வுக்கூடத்தில் கவனித்து, 1966-இல் இதை நூலாக வெளியிட்டனர்.

ஆனால், இயல்வது வேறு, நிகழ்வது வேறு. 1953-இல் வெளியான கின்சியின் ஆய்வில், தொடர் உச்சங்களை அடைந்ததாகக் கூறிய பெண்கள் ஏறத்தாழ 14 விழுக்காட்டினரே. ஒரு முறையோடு நிறைவு பெறுவோர் உண்டு. முதல் உச்சத்துக்குப் பின் தொடுதலையே தாங்க இயலாதவர்கள் உண்டு. உறவால் மட்டும் உச்சத்தை எட்டாதவர்களும் பலர். இவற்றுள் எதுவும் குறையன்று.

இந்த விவாதம் புதிதுமன்று. பெண்ணின் இன்பம் இறுதியில் மட்டும் வருவதா, தொடக்கம் முதலே தொடர்வதா என்று வாத்ஸ்யாயனரின் 'காமசூத்திரம்' பல ஆசிரியர்களின் கருத்துகளை எதிரெதிரே வைத்து ஆராய்கிறது. முதற்கூட்டத்தில் ஆண் விரைவாகவும் பெண் தாமதமாகவும் நிறைவுறுவர், அடுத்தடுத்த கூட்டங்களில் இது தலைகீழாகும் என்றும் அந்நூல் கூறுகிறது.

பொருளியல் கற்பித்த எனக்கு இங்கே ஒரு பழைய பாடம் நினைவுக்கு வருகிறது. ஒருவர் அடையும் பயனை இன்னொருவர் பயனோடு ஒப்பிட அறிவியல் வழி ஏதுமில்லை என்று 1932-இல் எழுதினார் லயனல் ராபின்ஸ். மூன்று உச்சம் பெற்றவர் ஒன்று பெற்றவரைவிட மூன்று மடங்கு மகிழ்ந்தார் என்று எவராலும் சொல்ல முடியாது. எண்ணிக்கையை இலக்காக்கினால், கணவனுக்குப் பதற்றமும் மனைவிக்கு நடிப்புமே மிஞ்சும்.

முன்பு இருந்த உணர்வு திடீரெனக் குறைந்தாலோ, வலி இருந்தாலோ மருத்துவரை அணுக வேண்டும். நீரிழிவும் சில மனச்சோர்வு மருந்துகளும்கூடக் காரணமாகலாம். மற்றபடி, மனைவியிடம் கேட்டறிவதைவிடச் சிறந்த வழி இல்லை. கேட்பதில் ஆணுக்கு இழுக்கில்லை. சொல்வதில் பெண்ணுக்கு நாணக்கேடும் இல்லை.