மலைச்சாரலும் காபன் கணக்கும்

சென்ற தவணையில் ஒருநாள், பாடம் முடிந்து மணி அடித்த பின்னரும் ஒரு மாணவன் என் மேசையருகே தயங்கி நின்றான். கலஹாப் பக்கத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் வரும் பிள்ளை அவன். "சேர், காற்றை விற்கலாமா?" என்று கேட்டான். விளையாட்டுக்குக் கேட்கிறான் என்றே முதலில் எண்ணினேன். அவன் முகத்தில் விளையாட்டு இல்லை.

"எங்கள் ஊருக்கு ஒருவர் வந்தார், சேர். மரம் நட்டால் வெளிநாட்டார் பணம் கொடுப்பார்களாம். ஒரு தாளைக் கொடுத்து அப்பாவைக் கையெழுத்திடச் சொன்னார். தாள் முழுவதும் ஆங்கிலம். உங்களிடம் கேட்டு வரும்படி அப்பா சொன்னார்."

மூன்று பக்கத் தாள் அது. நிலம் ஒரு ஏக்கர். காலம் முப்பது ஆண்டு. படித்து முடித்தபோது, இக்கேள்வி அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு மட்டும் உரியதன்று என்பது புலனாயிற்று. கண்டி மலைநாட்டில் ஒரு துண்டு நிலமேனும் வைத்திருக்கும் குடும்பம் ஒவ்வொன்றும் இன்றோ நாளையோ இதனை எதிர்நோக்க வேண்டியிருக்கும். ஆகவே அவனுக்குச் சொன்னதையே சற்று விரித்து இங்கு எழுதுகிறேன்.

வயலும் வாயுவும்

பழைய பாடநூல்கள் கரியமிலவாயு என்று குறித்த காபனீரொட்சைட்டு, சூரிய வெப்பம் மீண்டும் வான்வெளிக்குத் தப்பிச் செல்லாதவாறு போர்வைபோல் தடுப்பது. அப்போர்வை இல்லையேல் பூமி உறைந்துவிடும். தடித்துவிட்டாலோ புழுங்கத் தொடங்கும். இவ்வாயுவின் அளவு மாறினால் பூமியின் வெப்பம் எவ்வளவு மாறும் என்று 1896 ஆம் ஆண்டிலேயே சுவீடன் நாட்டு அறிஞர் அறீனியஸ் கணக்கிட்டார். கைத்தொழில்கள் பெருகுமுன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் 280 பங்களவாக இருந்த இவ்வாயு, இன்று 420 பங்கையும் தாண்டிவிட்டது.

புகைபோக்கியும் மோட்டார் வண்டியுமே இதற்குக் காரணம் என்று நம்மவர் நினைப்பதுண்டு. கமத்தொழிலுக்கும் இதிற் பங்கு உண்டு. வயலில் நீர் தேங்கி நிற்கும்போது சேற்றுக்குள் ஒட்சிசன் புகாது. அவ்விடத்து நுண்ணுயிர்கள் வைக்கோலையும் வேரையும் மக்கச்செய்து மெதேன் என்னும் வாயுவை வெளிவிடுகின்றன. ஆடுமாடுகளின் இரைப்பையிலும் இதுவே உண்டாகிறது. ஒரு நூற்றாண்டுக் கணக்கில், ஒரு கிலோ மெதேன் ஏறத்தாழ 28 கிலோ காபனீரொட்சைட்டுக்கு ஒப்பான வெப்பத்தைத் தேக்கும்.

பசளையின் கதை இன்னும் நுட்பமானது. இரண்டு மூடை யூரியாவை, அதாவது 100 கிலோவை, நிலத்தில் இடுகிறோம் என்று கொள்வோம். அதில் நைதரசன் 46 கிலோ. அதன் நூற்றில் ஒரு பங்கு நைதரசொட்சைட்டாக மாறிக் காற்றிற் கலக்கும் என்பது உலகில் வழங்கும் பொதுக் கணக்கு. அவ்வாறு எழும் வாயு முக்கால் கிலோவுக்கும் சற்றுக் குறைவே; ஆயினும் அதன் வலிமை காபனீரொட்சைட்டினும் ஏறத்தாழ 270 மடங்கு. ஆகவே அது ஏறத்தாழ 200 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமனாகிறது. யூரியா கரையும்போது நேராக வெளிப்படும் 70 கிலோவையும் சேர்த்தால் 270 கிலோ வரும். இரண்டு மூடைக்கு இவ்வளவு.

இதைக் கேட்டவுடன், "அப்படியாயின் யூரியாவே வேண்டாம்" என்று கூறிவிடலாகாது. 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்நாட்டில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டதையும், அந்த நவம்பரிலேயே தடை நீக்கப்பட்டதையும் நாம் மறக்கவில்லை. நெல் விளைச்சல் வீழ்ந்தது. 2021 இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, 2022 இல் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கிற்று. அளவறிந்து இடுவது அறிவு. ஒரே இரவில் நிறுத்துவது விபரீதம்.

ஒரு மரத்தின் நிறை

வாயுவை வெளிவிடும் நிலமே அதனை உள்வாங்கவும் வல்லது. மரம் காற்றிலிருந்து காபனை எடுத்துத் தன் உடம்பாக்கிக் கொள்கிறது. உலர்ந்த மரத்தின் நிறையில் ஏறத்தாழப் பாதி காபன். நுட்பமாகச் சொன்னால் நூற்றுக்கு 47 பங்கு. அதனை 44 ஆற் பெருக்கி 12 ஆற் பிரித்தால், அம்மரம் காற்றிலிருந்து எடுத்த காபனீரொட்சைட்டின் அளவு கிடைக்கும். உலர் நிறை ஒரு தொன் உள்ள பலாமரம் இவ்வாறு 1.7 தொன் வாயுவைத் தன்னுள் அடக்கி நிற்கிறது. இரசாயனம் பயிலும் மாணவர் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம்.

இந்த ஒரு தொன்னே சந்தையின் அலகு. ஒரு தொன் காபனீரொட்சைட்டை வெளிவிடாது தடுத்தவருக்கு, அல்லது காற்றிலிருந்து எடுத்து நிலத்தில் நிறுத்தியவருக்கு, "காபன் வரவு" ஒன்று எழுதப்படுகிறது. தம் புகையைக் குறைக்க இயலாதவரும் குறைக்க மனமில்லாதவரும் அந்த வரவை விலைக்கு வாங்கித் தம் கணக்கிற் கழித்துக்கொள்கின்றனர். 1997 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2005 இல் நடைமுறைக்கு வந்த கியோட்டோ உடன்படிக்கை இதற்கு வழி திறந்தது. 2015 இன் பாரிஸ் உடன்படிக்கை அதன் 6 ஆம் உறுப்புரையில் புதிய விதிகளுக்கு இடமளித்தது.

நம் கண்டி மாவட்டம் இச்சந்தைக்குப் புதிதன்று. நக்கிள்ஸ் மலையிற் பிறந்து மகாவலியைச் சேரும் ஹுலு கங்கையில் அமைந்த சிறு நீர்மின் நிலையம், இரத்தினபுரிப் பக்கத்து ஹப்புகஸ்தென்னை நிலையத்தோடு சேர்த்து, 2005 ஆம் ஆண்டிலேயே கியோட்டோ முறையின்கீழ்ப் பதிவாயிற்று. ஆற்று நீர் தந்த மின்சாரம், எண்ணெய் எரித்துப் பெறவேண்டிய மின்சாரத்தை மிச்சப்படுத்தியது என்பதே அதன் நியாயம். 2008 இல் அரசாங்கம் காபன் நிதியம் ஒன்றை நிறுவியது. இன்று அது இலங்கைக் காலநிலை நிதியம் என வழங்குகிறது.

ஆனால் சந்தை என்றால் ஏற்றமும் இறக்கமும் உண்டன்றோ? 2008 இல் ஐரோப்பாவில் 20 யூரோவுக்கு மேல் விலைபோன கியோட்டோ வரவு, 2012 இன் இறுதியில் ஒரு யூரோவுக்கும் கீழே இறங்கியது. மிளகு விலையின் ஏற்றத்தாழ்வை அறிந்த நம்மவருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

யாருக்கு வரவு? யாருக்கு இல்லை?

இனி அந்த மாணவனின் தந்தையிடம் வருவோம். ஒரு ஏக்கரில் நாற்பது மரம் நட்டு, இருபத்தைந்து ஆண்டில் ஒவ்வொன்றும் ஒரு தொன் உலர்நிறை எய்தியதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் ஏறத்தாழ 69 தொன் வாயு. ஆண்டொன்றுக்குப் பிரித்தால் மூன்று வரவு கூடத் தேறாது. வரவொன்று பத்து டொலருக்கு விற்றாலும் ஆண்டுக்கு முப்பது டொலருக்கு உட்பட்ட தொகையே. அளவை செய்பவர், சரிபார்ப்பவர், பதிவேட்டுக்காரர், தரகர் ஆகிய நால்வரும் தத்தம் பங்கை எடுத்த பின்பு எஞ்சுவது யாது?

எனவே தனி ஒருவராய் இச்சந்தையிற் புகுவது பயன் தராது. பலர் கூடிச் சங்கமாய்ப் புகவேண்டும். மேற்குக் கென்யாவில் பல்லாயிரம் சிறு கமக்காரர் உலக வங்கியின் துணையோடு அவ்வாறு கூடினர். நிலத்தில் தழையிட்டும், மரம் நட்டும், மண்ணைப் பேணினர். 2014 இல் அவர்தம் மண்ணுக்கு வரவு கிடைத்தது. கைக்கு வந்த காபன் பணம் சிறிது. வளம் பெற்ற மண்ணில் கூடிய விளைச்சலே பெரிய இலாபம்.

இன்னொரு விதியும் உண்டு. வரவுப் பணம் இல்லாவிட்டால் நடந்திராத செயலுக்கே வரவு எழுதப்படும். இது நியாயமான விதி. ஆயினும் அதன் விளைவைப் பாருங்கள். பலாவும் கித்துளும், கராம்பும் சாதிக்காயும், மிளகுக் கொடி படர்ந்த மரங்களுமாக அடுக்கடுக்காய் நிழல் செய்யும் கண்டி வீட்டுத் தோட்டங்கள் உலகப் புகழ் பெற்றவை. பாட்டன் வைத்த அந்தப் பலாவுக்கு வரவு இல்லை. அது முன்னமே நிற்கிறது. மரத்தை என்றோ வெட்டி நிலத்தை வெறுமையாக்கியவன் இன்று நட்டால் அவனுக்கு உண்டு!

மூன்றாவது, நிலைபேறு. காற்றிலிருந்து எடுத்த காபன் நெடுங்காலம் நிலத்தில் நிற்கவேண்டும். வறட்சிக் காலத்தில் ஹந்தானைப் பைன் மரங்களிடையே தீ மூளும்போது, பல ஆண்டுச் சேமிப்பு ஒரு மாலைப்பொழுதிற் புகையாகிவிடும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது இம்மாவட்டத்து மலைகள் சரிந்து எத்தனை குடும்பங்களைக் கொண்டுபோயின என்பதை யாவரும் அறிவர். மரமும் மண்ணும் மனிதரும் சேர்ந்தே போயினர்.

நான்காவது, நேர்மை. வயலில் எந்நேரமும் நீரைத் தேக்காமல், நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் வரை இறங்கவிட்டு மீண்டும் பாய்ச்சும் முறை ஒன்று உண்டு. துளையிட்ட ஒரு குழாயை மண்ணிற் புதைத்தால் மட்டத்தை எளிதிற் காணலாம். இதனால் நீரும் மிச்சம். மெதேனும் மூன்றிலொரு பங்கு முதற் பாதி வரை குறையும். நல்ல முறைதான். ஆனால் இம்முறையைக் காட்டி வரவு கோரிய சீனத்து நெல் திட்டங்கள் 37 ஐ, குறைபாடுகள் காரணமாக வெரா என்னும் பதிவு நிறுவனம் 2024 இல் நிராகரித்துவிட்டது. வயலில் நடப்பதும் தாளில் எழுதுவதும் ஒன்றாக இருந்தாலன்றி வரவு என்பது வெறும் காற்றே.

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி, நிலம் யாருடையது என்பது. 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட நாள் முதல் இம்மலைகளில் உழைத்தவர்கள் நம் தோட்ட மக்கள். கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் அழிக்கப்பட்ட காடுகளின் காபன் அன்றே வானேறிவிட்டது. அதற்கு எவரும் கணக்குக் கேட்கவில்லை. 1970 களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளின் கைக்குச் சென்றது. இன்றும் லயத்தில் வாழ்பவர் பலருக்கு நிலம் சொந்தமில்லை. நாளை தோட்டத்து மலைச்சரிவில் மரம் நட்டு வரவு பெற்றால், குழி தோண்டிய கைக்குக் கூலியும், உறுதி வைத்திருப்பவருக்கு வரவும் என்றே முடியும். இந்த விதியை மாற்றச் சட்டமும் சங்கங்களும் முயலவேண்டும்.

பாவம் ஒருவர் செய்யப் பரிகாரம் மற்றொருவர் செய்யலாமா என்று நம் பெரியோர் கேட்பர். உலகம் வெளிவிடும் இவ்வாயுக்களில் இலங்கையின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. அங்கே புகை குறையாமல் இங்கே மரம் வளர்ப்பதால் மட்டும் வானம் தெளியாது. ஆயினும் பரிகாரம் செய்பவனுக்குரிய கூலியை அவன் விட்டுக்கொடுக்க வேண்டியதும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

அடுத்த ஞாயிறன்று அப்பிள்ளையின் வீட்டுக்குச் சென்றேன். தேநீர் தந்து உபசரித்த தந்தையாரிடம், கையெழுத்திடுமுன் கேட்கவேண்டிய கேள்விகளை ஒரு கொப்பித் தாளில் எழுதிக் கொடுத்தேன். தமிழில் ஒப்பந்தம் தருவார்களா? நிலத்தின் உரிமைப் பத்திரம் யார் பெயரில் இருக்கவேண்டும்? முப்பது ஆண்டுக்குள் ஒரு மரத்தை வெட்டவேண்டி வந்தால் என்ன தண்டம்? புயலோ தீயோ அழித்தால் நட்டம் யாருக்கு? அளவைச் செலவு யாருடையது? விற்ற விலையில் நமக்கு எத்தனை பங்கு, எப்போது? எந்தப் பதிவேட்டில் நம் திட்டம் பதிவாகியிருக்கிறது?

அவர் தாளை மகனிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லி, இரண்டு முறை கேட்டார். பின்பு, "மாஸ்டர், அந்த ஆள் கையெழுத்துப் போட மட்டும்தான் இடம் காட்டினார். கேள்வி கேட்க இடம் விடவில்லை" என்றார்.

தரகர் மறுமுறை வந்தபோது அக்கேள்விகளைக் கேட்டிருக்கிறார்கள். தமிழ்ப் பிரதி கொண்டுவருவதாகச் சொல்லிப் போனவர் இதுவரை திரும்பவில்லை. தந்தையாரோ காத்திருக்கவில்லை. மழை தொடங்கியதும், மண் அரித்துச் செல்லும் சரிவில் குறுக்கு வரிசையாகச் சீமைக்கிளுவைக் கம்புகளை ஊன்றி, இடையிடையே பலாக்கன்றும் வைத்துவிட்டார். அதன் தழையை வெட்டி மண்ணில் இட்டால் நைதரசன் சேரும். யூரியாவிலும் சற்று மிச்சமாகும்.

"காற்றுக்குக் காசு வந்தால் வரட்டும், மாஸ்டர். வராவிட்டாலும் மண் நிற்கும், என் பேரன் பலாப்பழம் சாப்பிடுவான்" என்றார் அவர்.

சந்தை விலையை முன்கூட்டி அறிய எவராலும் இயலாது. கேள்வி கேட்கப் பழகுவது நம் கையில் இருக்கிறது. வீடுகளில் படிக்கும் பிள்ளைகள், பெரியவர்களிடம் வரும் ஆங்கிலத் தாள்களை ஒருமுறை பொறுமையாக வாசித்துக் காட்டுவார்களாக.