உபகாரச் சம்பளமும் உலகப் பாடசாலையும்

ஏழை வீட்டுப் பிள்ளையின் படிப்புக்குப் பொருளுதவி செய்வது நம் நாட்டில் தொன்றுதொட்டு வழங்கிவரும் தருமமாகும். அதன் பெருமையை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஆனால், அந்தப் பிள்ளையைத் தன் ஊரினின்றும் மொழியினின்றும் சுற்றத்தினின்றும் பெயர்த்தெடுத்து, பல தேசத்து மாணாக்கரும் கூடி வாழும் ஒரு சர்வதேசப் பாடசாலையிற் கொண்டுபோய் வைப்பதற்கு உபகாரச் சம்பளம் கொடுக்கிறார்களே, அது எத்தகைய தருமம்? ஒரு சமூகம் தன் அறிவிற் சிறந்த மக்களை வளர்த்துக்கொள்ளும் வழியா, அன்றி அவர்களைத் தானே பறிகொடுக்கும் வழியா? இது வெறும் வாதத்தினால் முடிவு கட்டக்கூடிய கேள்வியன்று. நடந்த காரியங்களைக் கொண்டே விடை தேடவேண்டும். அதற்கு ஏற்ற உதாரணம் தென்னாப்பிரிக்காவின் எல்லையை அடுத்த ஸ்வாஸிலாந்தில் தோன்றிய வாட்டர்போர்டு பாடசாலை.

அடிமைக் கல்விக்கு ஒரு சட்டம்

1948-ஆம் வருஷத்தில் தென்னாப்பிரிக்காவில் தேசீயக் கட்சியார் அதிகாரத்தைக் கைப்பற்றினர். நிறத் துவேஷம் அதற்கு முன்பே அங்கு வேரூன்றியிருந்ததாயினும், அதைச் சட்டத்தின் வாயிலாக ஒரு முழு ஆட்சி முறையாகவே அமைத்தவர்கள் அக்கட்சியாரே. அவர்கள் முதலில் கை வைத்த விஷயங்களுள் கல்வியும் ஒன்று. 1953-இல் பாண்டு கல்விச் சட்டம் நிறைவேறியது. சுதேச விவகார மந்திரியாக இருந்த வெர்வோர்டு அதன் நோக்கத்தை மறைக்கவுமில்லை. சிலவகைக் கூலி வேலைகளுக்கு மேல் வெள்ளையர் சமூகத்தில் ஆப்பிரிக்கனுக்கு இடமில்லை என்றும், தான் பயன்படுத்த முடியாத கல்வியை அவனுக்குப் புகட்டுவதனால் பிரயோஜனமில்லை என்றும் அவர் சட்டசபையிலேயே விளக்கினார். அடிமைத்தனத்துக்கு இவ்வளவு வெளிப்படையான பாடத்திட்டம் வகுத்த மந்திரிகள் சரித்திரத்தில் அரியர்.

அதுவரையில் ஆப்பிரிக்கச் சிறுவர்களுக்கு உயர்தரக் கல்வி அளித்துவந்தவை பெரும்பாலும் பாதிரிமாரின் பாடசாலைகளே. சர்க்காரிடம் ஒப்படை, இல்லையேல் பொருளுதவியை இழந்து மூடு என்பதே அவற்றுக்கு விதிக்கப்பட்ட கட்டளை. ஜோஹன்னஸ்பர்க்கைச் சேர்ந்த ரோஸெட்டன்வில்லில் செயின்ட் பீட்டர்ஸ் என்ற புகழ்பெற்ற பாடசாலை இருந்தது. பின்னாளில் ஆப்பிரிக்க தேசீய காங்கிரஸின் தலைவராக விளங்கிய ஆலிவர் டாம்போ அங்கே படித்தவர். அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். 1956-இல் அது மூடப்பட்டது.

இதில் நம்மவர்க்கும் பங்குண்டு. 1860-இல் சென்னைத் துறைமுகத்தினின்று ‘ட்ரூரோ’ என்னும் கப்பலில் நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகளின் சந்ததியாரும், அவர்களுக்குப் பின் சென்றோரின் சந்ததியாரும் இந்தச் சட்ட வலையினின்று தப்பவில்லை. 1963-இல் கலப்பு இனத்தாருக்கும், 1965-இல் இந்தியருக்கும் தனித்தனியே கல்விச் சட்டங்கள் வந்தன. ஒரே தேசத்துக் குழந்தைகள் நிறத்தின்படி நான்கு தொழுவங்களில் அடைக்கப்பட்டார்கள்.

மலைமேல் ஒரு மறுப்பு

மைக்கேல் ஸ்டெர்ன் என்ற ஆங்கில ஆசிரியர் ரோஸெட்டன்வில்லில் தலைமையாசிரியராக இருந்து இவற்றையெல்லாம் கண்ணாரக் கண்டவர். வெள்ளைப் பிள்ளைகளை மாத்திரமே சேர்த்துக்கொள்ளலாம் என்னும் சட்டத்தின் கீழ்ப் பாடசாலை நடத்த அவர் மனச்சாட்சி இடந்தரவில்லை. தென்னாப்பிரிக்காவில் ஆகாதது எல்லைக்கு அப்பால் ஆகுமன்றோ? ஸ்வாஸிலாந்து அந்நாளில் பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்த சிறு ராஜ்யம். நிறவெறிச் சட்டங்களின் கை அங்கே எட்டவில்லை. தலைநகரான மபாபனேயை நோக்கும் மலைச்சரிவில், 1963-ஆம் வருஷத்தில், பல நிறத்தைச் சேர்ந்த பதினாறு மாணாக்கர்களுடன் வாட்டர்போர்டு பாடசாலை திறக்கப்பட்டது.

பதினாறு பேர்! கோடிக்கணக்கானவர்களின் அறிவை முடக்குவதற்கு ஒரு பேரரசாங்கம் பணத்தையும் போலீஸையும் கொட்டிக்கொண்டிருக்கையில், பதினாறு சிறுவர்களைக் கொண்டு அதை எதிர்ப்பதா என்று நகைத்தவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் நிறவெறி ஆட்சி நின்றது ஒரு பொய்யின்மீது. வெள்ளைப் பிள்ளையும் கறுப்புப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்க முடியாது, ஒரே அறையில் உறங்க முடியாது, ஒரே கேள்விக்கு விடை எழுத முடியாது என்பதே அந்தப் பொய். அதைப் பொய்யென்று காட்டுவதற்கு ஒரே ஒரு வகுப்பறை போதும். எல்லைக்கு அப்பால், கூப்பிடு தூரத்தில், அந்த வகுப்பறை தினந்தோறும் நடந்துகொண்டிருந்தது.

1967-இல் பாடசாலைக்கு எழுந்தருளிய ஸ்வாஸி மன்னர் இரண்டாம் ஸோபுஸா அதற்குக் ‘காம்லாபா’ என்று பெயர் சூட்டினார். ‘உலகத்தைச் சார்ந்தது’ என்பது அதன் பொருள். எல்லோரும் இம்மண்ணினின்று வந்தவர்களே. நிறத்தாலும் இனத்தாலும் வேற்றுமை கற்பிக்க இடமில்லை என்ற கருத்தும் அச்சொல்லில் அடங்கியிருக்கிறது. மறு வருஷமே ஸ்வாஸிலாந்து சுதந்திரம் பெற்றது. 2018 முதல் அந்நாட்டின் பெயர் எஸ்வாட்டினி.

தந்தை சிறையில், மக்கள் பாடசாலையில்

நிறவெறிச் சர்க்காருக்கு அஞ்சிய பெற்றோரும், அச்சர்க்காரை எதிர்த்துச் சிறை புகுந்த பெற்றோரும் தங்கள் மக்களை அங்கே அனுப்பினார்கள். நெல்ஸன் மண்டேலா 1964-இல் ஆயுள் தண்டனை பெற்று ராபன் தீவுக்குச் சென்றார். வெளியே இருந்த மனைவி வின்னியின்மீது தடையுத்தரவுகளும் கைதும் மாறி மாறி வந்தன. அவர்களுடைய இரு புதல்வியர் ஸெனானியும் ஸிண்ட்ஸியும் ஜோஹன்னஸ்பர்க்கில் நிம்மதியாகப் படிக்க வழியில்லை. இன்னார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் போலீஸார் பள்ளியையே தொல்லைப்படுத்தினர். எலினார் பர்லி என்னும் ஆங்கில மாதும் பிற நண்பர்களும் உதவ முன்வந்தமையால் அவ்விருவரும் வாட்டர்போர்டில் சேர முடிந்தது. ஒரு கைதியின் குழந்தைகளுக்குக் கட்டணம் செலுத்துவதும் ஒரு தேசத்தின் விடுதலைப் போருக்குச் செய்யும் தொண்டாகலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? 1985-ஆம் வருஷம் பிப்ரவரி 10-ந் தேதி, நிபந்தனையுடன் கூடிய விடுதலையை மண்டேலா மறுத்துரைத்த செய்தியை ஸொவெட்டோ மைதானத்தில் திரண்டிருந்த மக்களின் முன் வாசித்தவர் இந்த ஸிண்ட்ஸியே.

மண்டேலாவுடன் தண்டனை பெற்ற வால்டர் ஸிஸுலுவின் புதல்வி லிண்டிவே 1973-இல் வாட்டர்போர்டில் உயர்தரப் பரீட்சை தேறினார். படித்துவிட்டுச் சுகமான வெளிநாட்டில் அமர்ந்துவிடவில்லை. 1976-இல் கைதாகிப் பல மாதம் காவலில் இருந்தார். விடுபட்டபின் தலைமறைவுப் படையிற் சேர்ந்தார். 1994-இல் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தபின், வீட்டு வசதி, பாதுகாப்பு, வெளிவிவகாரம் முதலிய இலாகாக்களை மந்திரியாக இருந்து நிர்வகித்தார்.

போர்த்துக்கீசியர் ஆண்ட மொஸாம்பிக்கினின்று வந்து அங்கே பயின்றவர் பெர்னாண்டோ ஹொன்வானா. அவர் பிற்காலத்தில் ஜனாதிபதி ஸமோரா மாசெலின் அந்தரங்க ஆலோசகரானார். 1979-இல் ஜிம்பாப்வேயின் சுதந்திரத்தை நிர்ணயிக்க லண்டன் லாங்காஸ்டர் மாளிகையில் நடந்த பேச்சுக்களின்போது தம் தலைவரின் சார்பில் திறம்படப் பணியாற்றினார். 1986-இல் மாசெலின் உயிரைக் கொண்டுபோன விமான விபத்திலேயே அவரும் மாண்டார். ஆளும் மொழியையும் அதன் நுட்பங்களையும் கற்றது எஜமானருக்குக் குமாஸ்தா வேலை பார்ப்பதற்கன்று, அவர்களோடு சரியாசனத்தில் அமர்ந்து வழக்காடுவதற்கு என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

ஓர் இயக்கமாக வளர்ந்த வரலாறு

வாட்டர்போர்டு 1981-இல் ‘ஐக்கிய உலகக் கல்லூரிகள்’ என்ற அமைப்பில் சேர்ந்தது. அதன் மூல புருஷர் குர்ட் ஹான் என்னும் ஜெர்மானியக் கல்வியாளர். 1933-இல் நாஜிகளால் சிறைப்பட்டு, பின் பிரிட்டனிற் புகலடைந்தவர். நேற்றுவரை போர்க்களத்தில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த தேசத்தாரின் பிள்ளைகள் இளமையிலேயே கூடிப் படித்தால் நாளைய போர் குறையும் என்பது அவர் நம்பிக்கை. 1962-இல் வேல்ஸ் நாட்டுக் கடற்கரையிலுள்ள செயின்ட் டொனாட்ஸ் கோட்டையில் முதற் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கே மாணாக்கர் புத்தகத்தோடு நிற்கவில்லை. கடலில் தத்தளிப்போரை மீட்கும் படகுப் பணியும் அவர்கள் கல்வியில் ஒரு பகுதியாக இருந்தது. கனடாவில் 1974-இலும், இத்தாலியில் 1982-இலும், நம் நாட்டில் புனாவை அடுத்த முல்ஷிப் பிரதேசத்தில் 1997-இலும், யுத்தத்தினாற் சிதைந்த போஸ்னியாவின் மோஸ்தார் நகரில் 2006-இலும் கல்லூரிகள் எழுந்தன.

இக்கல்லூரிகளில் பதினாறு முதல் பத்தொன்பது வயதுள்ளோர் இரண்டு வருஷம் தங்கிப் பயில்கிறார்கள். மாணாக்கரை அந்தந்தத் தேசத்திலுள்ள கமிட்டிகளே தேர்ந்தெடுத்து அனுப்புகின்றன. 150-க்கு மேற்பட்ட நாடுகளில் இக்கமிட்டிகள் இருக்கின்றன. முதலில் பிள்ளையின் தகுதி, பிறகே தகப்பனின் பணப்பை என்பது கொள்கை. பொருளில்லாதவருக்கு உபகாரச் சம்பளம் திரட்டப்படுகிறது. இக்கல்லூரிகளிற் படித்துத் தேறியோர் அமெரிக்கச் சர்வகலாசாலைகளில் மேற்படிப்பைத் தொடர 2000-ஆம் வருஷம் முதல் ஷெல்பி டேவிஸ் என்ற தனவந்தர் பெருநிதி உதவிவருகிறார்.

மூன்று ஆட்சேபங்கள்

இவ்வளவு சொல்லியும், தேசபக்தர்களின் மனத்தில் மூன்று ஆட்சேபங்கள் எஞ்சி நிற்கும். அவற்றை ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது.

முதலாவது, எண்ணிக்கை. வாட்டர்போர்டின் பதினாறு பேர் நூறானாலும், பல நூறானாலும், பாண்டு கல்வியில் அகப்பட்ட கோடிக்கணக்கான குழந்தைகளின் தலைவிதி அதனால் மாறிவிடவில்லை. 1976-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் அந்தக் கல்வி முறையை எதிர்த்துத் துப்பாக்கிக் குண்டுக்கு மார்பு காட்டியவர்கள் ஸொவெட்டோவின் சாதாரணப் பள்ளிப் பிள்ளைகளே. ஆகையால் உபகாரச் சம்பளம் ஒருநாளும் நியாயமான பொதுக் கல்விக்கு ஈடாகாது. சிலருக்குக் கதவு திறந்தோம் என்ற திருப்தியில் பலருக்கு அடைத்த கதவை மறப்பது பாவம்.

இரண்டாவது, கொடுப்பவரின் நோக்கம். 1902-இல் மாண்ட ஸெஸில் ரோட்ஸின் உயிலால் ஏற்பட்ட ஆக்ஸ்போர்டு உபகாரச் சம்பளம் சாம்ராஜ்யத்தைக் கட்டிக் காக்கும் எண்ணத்துடன் பிறந்தது என்பதை யாவரும் அறிவர். தானத்தின் பின்னால் கயிறு உண்டா என்று பார்ப்பது பெறுபவனின் கடமை. ஆனால், கொடுத்தவன் எண்ணியபடியே பெற்றவன் நடந்துகொள்வான் என்பதும் நிச்சயமில்லை. அந்நிய ஆட்சி குமாஸ்தாக்களுக்காகத் திறந்த கலாசாலைகளினின்றுதான் நம் நாட்டில் அந்த ஆட்சியை அகற்றிய தலைவர்களும் புறப்பட்டார்கள்.

மூன்றாவது ஆட்சேபமே மிகக் கடுமையானது. போனவன் திரும்புவானா? ஆங்கிலம் நாவிற் படிந்து, உலகெங்கும் நண்பர்கள் ஏற்பட்டு, மேற்படிப்புக்கும் வழி திறந்துவிட்ட இளைஞனுக்குத் தன் ஊரின் புழுதித் தெரு கசந்துபோவது இயல்பு. திரும்பாதவர்கள் உண்டு, அவர்களைத் துரோகிகள் என்று சொல்லுதல் தகாது. திரும்பினாலும் ஒட்டாமல் நிற்கும் துயரம் வேறு. உபகாரச் சம்பளம் வாழ்க்கையை மாற்றுகிறது என்கிறோம். அந்த மாற்றத்தின் விலையில் ஒரு பகுதியை மாணாக்கனே செலுத்துகிறான் என்பதை நன்கொடையாளர் நினைவிற் கொள்ளவேண்டும்.

டால்ஸ்டாய் பண்ணை காட்டிய வழி

இம்மூன்றாவது கேள்வி புதிதன்று. அதே தென்னாப்பிரிக்க மண்ணில் மகாத்மா காந்தி அதற்கு விடை காண முயன்றார். 1910-இல் அவர் ஏற்படுத்திய டால்ஸ்டாய் பண்ணையில் ஹிந்து, முஸ்லிம், பார்ஸி, கிறிஸ்தவக் குழந்தைகள் ஒன்றாக வாழ்ந்து ஒன்றாகப் படித்தார்கள். கப்பலிலும் சிறையிலும் தாம் கற்றுக்கொண்ட சிறிதளவு தமிழை வைத்துக்கொண்டு தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவரே தமிழ் சொல்லிக்கொடுத்தார். கூடி வாழ்வதற்காகத் தாய்மொழியைக் கைவிட வேண்டுவதில்லை என்பது அப்பண்ணையின் பாடம்.

அக்காலத்தில், காந்தியின் நண்பர் டாக்டர் பிராணஜீவன் மேத்தா ஓர் இளைஞனை இங்கிலாந்துக்கு அனுப்பிப் படிக்கவைக்கப் பொருள் தர முன்வந்தார். காந்தி தம் சொந்தப் புதல்வரைத் தேர்ந்தெடுக்கவில்லை. முதலில் உறவினரான சகன்லாலை அனுப்பினார். அவர் உடல்நலமின்றித் திரும்பியதும், சத்தியாக்கிரகத்தில் பன்முறை சிறை சென்ற சோராப்ஜி என்னும் பார்ஸி இளைஞரைத் தேர்ந்தெடுத்தார். மூத்த மகன் ஹரிலாலின் உள்ளத்தில் அது ஆறாத புண்ணாயிற்று. சோராப்ஜியோ பாரிஸ்டராகித் தென்னாப்பிரிக்காவுக்கே திரும்பி, தம் மக்களிடையே பணி தொடங்கி, 1918-இல் ஜோஹன்னஸ்பர்க்கிலேயே காலமானார். தேர்ந்தெடுப்பது எத்துணைக் கொடிய பொறுப்பு என்பதற்கும், சேவையிற் பழகியவனைத் தேர்ந்தெடுத்தால் அவன் திரும்பி வருவான் என்பதற்கும் இந்த ஒரே வரலாறு சாட்சி.

ஆகவே நம் முடிவு இது. சர்வதேசப் பாடசாலைக்கு உபகாரச் சம்பளம் கொடுப்பதை வெறுக்கவும் வேண்டாம். அதைக் கண்டு மயங்கவும் வேண்டாம். தேர்ந்தெடுக்கும் கமிட்டியார் நகரத்து நாகரிகத்தையும் ஆங்கில உச்சரிப்பையும் அளவுகோலாகக் கொள்ளாமல், கிராமத்துப் பள்ளிக்கும் தாய்மொழிப் பள்ளிக்கும் நடந்து சென்று தேடவேண்டும். பிள்ளைகளை அனுப்பும் ஊர், கடிதத்தினாலும் உறவினாலும் அவர்களைக் கைவிடாமல் பற்றிக்கொள்ளவேண்டும். கல்வி பெற்ற இளைஞரோ, தமக்குக் கிடைத்தது பரிசன்று, தம்மைப்போன்ற ஆயிரம் பேரின் பங்கினின்று எடுத்துத் தம்மிடம் ஒப்படைத்த முதல் என்று கருதவேண்டும். அந்த முதலை வட்டியுடன் மக்களிடம் திருப்பிச் செலுத்துவோர் பெருகுவாராயின், உபகாரச் சம்பளமே தேவைப்படாத காலம் ஒன்று வரும். அதை விரைவில் வரச் செய்வதே அவர்கள் கற்ற கல்விக்கு அழகு.