உங்களுக்குத் தெரியுமா? பூட்டிய ஆலையின் மண்ணிலும் பாதரசம்

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடப்பட்டது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி, ஊருக்குள் பழைய இரும்புக்கடையில் கிடந்ததைப் பொதுமக்கள் அம்பலப்படுத்தியதுதான் காரணம். 2003-இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்கா போனது. மண்ணில் கலந்த பாதரசம் மட்டும் மலையிலேயே தங்கிவிட்டது.

இப்படிப்பட்ட நிலத்தை எப்படி ஆராய்வார்கள்? முதலில் பழைய ஆவணங்களைப் புரட்டி, எங்கே உலை, எங்கே கிடங்கு, கழிவு எந்த வழியாக ஓடியது என்று வரைபடம் போடுவார்கள். பிறகு நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, மேல்மண், அடிமண் என ஆழவாரியாக மாதிரி எடுப்பார்கள். ஒரு கட்டத்தில் ஒன்றுமே இருக்காது; பத்தடி தள்ளி நஞ்சு குவிந்திருக்கும். ஆகவே, நாலு இடத்தில் தோண்டிப் பார்த்துவிட்டு 'சுத்தம்' என்று சான்று தந்தால் நம்பக் கூடாது. பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும் என்பதால் காற்றையும் சோதிக்க வேண்டும். மழைநீரோடு ஓடையில் இறங்கினால் மீனில் சேரும். ஆகவே ஓடை வண்டலையும் விடக் கூடாது.

கொடைக்கானலில் சர்ச்சை வெடித்தது அளவுகோலில். சுத்தம் செய்த பிறகும் ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என்ற இலக்கைச் சூழல் ஆர்வலர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஆலைக்குக் கீழே பாம்பாறு சோலைக்காடு இருக்கிறதே! மறுபுறம், ஆழமாகத் தோண்டினால் மரங்கள் சாயும், சரிவு அரிக்கும் என்ற வாதமும் உண்டு.

உங்கள் ஊரில் பழைய ஆலை நிலம் மனையாகிறதா? வாங்கும் முன் மண் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள்.