கத்தரியில் சொத்தை: மூன்றாவது தெளிப்பு லாபமா, நட்டமா?



பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு பக்கத்திலிருந்து புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய் கொண்டு வருகிறீர்கள். வியாபாரி முதலில் பார்ப்பது காயில் ஓட்டை இருக்கிறதா என்றுதான். சொத்தைக் காயைத் தனியே ஒதுக்கிவிட்டு மீதிக்குத்தான் விலை பேசுவார். அந்தப் பயத்தில் பலரும் தண்டு மற்றும் காய்த்துளைப்பான் புழுவுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று மருந்து அடித்துக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொரு தெளிப்புக்கும் செலவு ஒன்றுதான். பலனும் ஒன்றாக இருக்குமா?

நேர்க்கோட்டுக் கணக்கு எங்கே தவறுகிறது?

ஓர் உதாரணம் பார்ப்போம். மருந்து அடிக்காத வயலில் 100 காய்க்கு 40 சொத்தை. ஒரு தெளிப்புக்குப் பின் 25 ஆகக் குறைகிறது. அதாவது 15 காய் மிச்சம். இதே வேகத்தில் போனால் இரண்டாவது தெளிப்பில் 10, மூன்றாவதில் 'மைனஸ் 5' என்று கணக்கு வரும். சொத்தைக் காய் பூஜ்யத்துக்குக் கீழே போக முடியுமா? முடியாது. 100-க்கு மேலேயும் போகாது.

சொத்தை சதவீதம், முளைப்புத் திறன், பூச்சி இறப்பு விகிதம் எல்லாமே 0-க்கும் 100-க்கும் இடையே அடைபட்ட எண்கள். எல்லையை நெருங்க நெருங்க அவை மெதுவாகத்தான் நகரும். அதனால் இவற்றுக்கு நேர்க்கோடு போட்டுப் பலனை மதிப்பிடக் கூடாது.

இதற்குப் புள்ளியியலில் ஒரு எளிய வழி உண்டு. சதவீதத்தை விட்டுவிட்டு, 'ஒரு சொத்தைக்கு எத்தனை நல்ல காய்' என்று பாருங்கள். 40 சொத்தை என்றால் 60 நல்லது, ஒன்றுக்கு ஒன்றரை. 25 சொத்தை என்றால் 75 நல்லது, ஒன்றுக்கு மூன்று. ஒரு தெளிப்பு இந்த விகிதத்தை இரண்டு மடங்காக்கியிருக்கிறது. அடுத்தடுத்த தெளிப்பும் அப்படியே இரட்டிப்பாக்கினால் சொத்தை ஏறக்குறைய 14, பிறகு 8 என்று வரும். எத்தனை முறை அடித்தாலும் மைனஸ் வராது.

பணமாக மாற்றிப் பாருங்கள்

மகசூல் 1,000 கிலோ, விலை கிலோ 20 ரூபாய், ஒரு தெளிப்புக்கு மருந்தும் கூலியும் சேர்த்து 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

- முதல் தெளிப்பு: 150 கிலோ மிச்சம், 3,000 ரூபாய். செலவு போக லாபம் 1,500.
- இரண்டாவது: 110 கிலோ, 2,200 ரூபாய். லாபம் 700.
- மூன்றாவது: 60 கிலோ, 1,200 ரூபாய். நட்டம் 300.

மூன்றாவது தெளிப்பிலும் சொத்தை குறைகிறது. ஆனால் பணம் உங்கள் கையை விட்டுப் போகிறது.

அளவைக் கூட்டினாலும் இதே கதைதான்

1934-ல் அமெரிக்க அறிஞர் செஸ்டர் பிளிஸ், மருந்தின் அளவுக்கும் பூச்சி இறப்புக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட 'புராபிட்' முறையை வகுத்தார். எல்லாப் பூச்சிக்கும் தாங்கும் சக்தி ஒன்றல்ல. குறைந்த அளவில் பலவீனமானவை சாகும், நடுத்தர அளவில் பெரும்பாலானவை சாகும். மிஞ்சும் சில பூச்சிகளைக் கொல்ல மிக அதிக மருந்து வேண்டும். அதனால் 60 சதவீதம் கொல்லும் மருந்தை இரட்டிப்பாக்கினால் 120 சதவீதம் சாகாது. தப்பிப் பிழைக்கும் பூச்சிகள் மருந்தைத் தாங்கும் சக்தியைத் தங்கள் குஞ்சுகளுக்கும் கொடுக்கும். காய்க்குள் புகுந்துவிட்ட புழுவின் மேல் மருந்து படவே படாது. ஆகவே லேபிளில் உள்ள அளவைத் தாண்டாதீர்கள்.

உங்கள் வயலில் செய்ய வேண்டியது

1. வயலின் ஒரு ஓரத்தில் இரண்டு வரிசையை மருந்து அடிக்காமல் விடுங்கள்.
2. ஒவ்வொரு பறிப்பிலும் அடித்த பகுதியில் 100 காய், அடிக்காத வரிசையில் 100 காய் எண்ணிச் சொத்தையைக் குறித்து வையுங்கள். நல்ல காயாகப் பொறுக்கி எண்ணாதீர்கள்.
3. அடிக்காத வரிசையில் 40, அடித்ததில் 10 என்றால், வித்தியாசம் 30-ஐ 40-ஆல் வகுங்கள். கட்டுப்பாடு 75 சதவீதம். 1925-ல் அபாட் பூச்சி மருந்துகளுக்குச் சொன்ன கணக்கை ஒட்டியது இது. '90 காய் நல்லது, மருந்து 90 சதவீதம் வேலை செய்தது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மருந்து இல்லாமலே 60 காய் நன்றாகத்தான் இருந்தது.
4. மிச்சமாகும் காயின் மதிப்பு தெளிப்புச் செலவைவிடக் குறைந்தால் நிறுத்துங்கள்.

வாடிய நுனித் தண்டுகளை வாரந்தோறும் கிள்ளி அழியுங்கள். சொத்தைக் காயை வரப்பில் கொட்டாமல் அப்புறப்படுத்துங்கள். ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். மருந்து அடித்தால், லேபிளில் சொன்ன காத்திருப்பு நாட்கள் முடிந்த பிறகே பறியுங்கள். அந்தக் காயைத்தான் பெரிய மார்க்கெட்டில் வாங்கி ஒரு குடும்பம் அன்றைக்கே சமைக்கிறது.

எண்ணிய கணக்கு நோட்டோடு குரும்பாப்பேட் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு வாருங்கள். அடுத்த தெளிப்பு தேவையா என்பதை உங்கள் வயலின் எண்களை வைத்தே முடிவு செய்யலாம்.