அடையாளமும் குற்றமும்: அமெரிக்க மோட்டார் சைக்கிள் கழகத்தாரும் காவல் துறையும்

பூவைக் கண்டு போரை அறிந்தவர் பண்டைத் தமிழர். ஆநிரை கவரச் சென்றோர் வெட்சி சூடினர். அதனை மீட்கச் சென்றோர் கரந்தை சூடினர். மண்கொள்ளப் புறப்பட்ட வேந்தன் வஞ்சி சூடினான். புறப்பொருள் இலக்கணம் கூறும் இம்முறையில் அடையாளமும் செயலும் ஒன்றையொன்று பிரியாதவை. வெட்சி சூடியவனைக் கண்டு வேறொன்று எண்ணுதற்கு இடமில்லை. ஆயின், சூடிய அடையாளம் ஒன்றாகவும் சூடியவன் செயல் வேறாகவும் அமையக்கூடிய சமுதாயத்தில், காவலர் எதனைக் கொண்டு ஒருவனைக் குற்றவாளி எனத் துணிவது? ஐக்கிய அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் கழகத்தாருக்கும் காவல் துறைக்கும் இடையே பல்லாண்டுகளாக நடந்துவரும் பூசல் இவ்வினாவையே மையமாகக் கொண்டது. எங்கோ நடப்பது என்று மாணவர் இதனை ஒதுக்கிவிடலாகாது.

இரண்டாம் உலகப் போர் முடிந்து தாயகம் திரும்பிய வீரர் பலர் அங்கு மோட்டார் சைக்கிள் கழகங்களில் சேர்ந்தனர். போர்க்களத்துத் தோழமையை ஊர் வாழ்க்கையில் அவர்கள் காணவில்லை, சாலையில் கண்டனர். 1947 ஜூலையில் கலிபோர்னியாவின் ஹாலிஸ்டர் என்னும் சிற்றூரில் நடந்த பந்தய விழாவில் குடியும் கூச்சலும் மிகுந்தன. பீர் புட்டிகள் சூழ ஒருவன் மோட்டார் சைக்கிள்மேல் சாய்ந்திருக்கும் படத்தை 'லைஃப்' இதழ் வெளியிட்டது. 1953இல் மார்லன் பிராண்டோ நடித்த 'தி வைல்ட் ஒன்' திரைப்படம் வந்தது. ஓர் ஊரில் சில நாள் நிகழ்ந்த ஆரவாரம் ஒரு கூட்டத்தார் அனைவருக்கும் உரிய குணமாக நாடெங்கும் பரவிவிட்டது. மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதின்மர் ஒழுங்கானவர் என்று அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் அந்நாளில் அறிக்கை விட்டதாகவும், எஞ்சிய அந்த ஒருவர் தாமே என்று சில கழகத்தார் 'ஒரு விழுக்காடு' என்னும் சின்னத்தைப் பெருமையோடு அணியத் தொடங்கியதாகவும் கூறுவர். அத்தகைய அறிக்கை தன் ஆவணங்களில் இல்லை என்று அச்சங்கமே பின்னாளில் தெரிவித்தது. சொல்லப்படாத ஒரு சொல்லுக்கு எதிராக ஒரு சின்னம் பிறந்தது வேடிக்கையே! 'சட்டத்திற்குப் புறம்பான கழகம்' என்னும் தொடரும் முதலில் அச்சங்கத்தில் பதிவு பெறாத கழகத்தையே சுட்டிற்று. சொல்லின் பொருள் திரிந்த பிறகு, அச்சொல்லைச் சுமந்தவர்மீது ஐயமும் திரிந்து படிந்தது.

இக்கழகத்தாரின் தோல் மேலங்கியின் முதுகுப்புறம் மூன்று பகுதிகளை உடையது. மேலே வளைவாகக் கழகத்தின் பெயர், நடுவில் சின்னம், கீழே மற்றொரு வளைவில் அவர்கள் உரிமை கொண்டாடும் மாநிலம் அல்லது ஊர். நம் வேந்தரின் பனம்பூவும் வேம்பும் ஆத்தியும் போல இவை குலமரபின் மதிப்புடையன. அமெரிக்க நீதித்துறை சில கழகங்களைக் குற்றக் கும்பல்கள் என்றே வகைப்படுத்தியுள்ளது. ஆனால் முதுகில் சின்னம் தைத்துக்கொண்டு செல்வோர் அவர்கள் மட்டுமல்லர். போர் வீரர் கழகங்கள் உள்ளன. கிறித்தவ ஊழியக் கழகங்கள் உள்ளன. குடிப்பழக்கத்தை விட்டொழித்தவர்களின் கழகங்கள் உள்ளன. காவலர்களே உறுப்பினராக உள்ள 'புளூ நைட்ஸ்' என்னும் கழகம் 1974இல் மெய்ன் மாநிலத்தில் தோன்றியது. சாலையோரத்தில் நின்று தொலைவிலிருந்து நோக்கும் காவலருக்கு இவர்கள் அனைவரும் ஒரே தோற்றத்தினர்.

தோற்றம் கண்டு ஐயுறும் இவ்வழக்கம் எவ்வாறு செயற்படுகிறது என்பதை ஈண்டு விளக்குதல் தகும். காரணமின்றி ஒருவரைத் தடுத்து நிறுத்தக் காவலருக்கு அமெரிக்க அரசியலமைப்பின் நான்காம் திருத்தம் இடம் தருவதில்லை. குற்றம் நிகழ்ந்தது அல்லது நிகழப்போகிறது என்பதற்கு எடுத்துச் சொல்லத்தக்க நியாயமான ஐயம் வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1968இல் டெரி வழக்கில் வரையறுத்தது. ஆயினும் 1996இல் ரென் என்பவர் வழக்கில், சிறியதொரு போக்குவரத்து விதி மீறல் கண்ணிற் பட்டாலே வண்டியை நிறுத்தலாம், நிறுத்தும் காவலரின் உள்நோக்கம் யாதாயினும் அது பற்றிக் கேள்வி இல்லை என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பூட்டிய கதவின் பக்கத்திலேயே மற்றொரு கதவு திறந்துவிடப்பட்டது போன்றது இது. கைப்பிடி உயரம், தலைக்கவசத்தின் தரம், எண் பலகையின் சாய்வு, புகைபோக்கியின் ஓசை ஆகியவற்றில் ஏதேனும் ஒரு குறையைக் காணாமற்போவது அரிது. நிறுத்திய பின்னர்க் கேள்விகள் விதியைப் பற்றியன அல்ல. எந்தக் கழகம், தலைவர் யார், எங்குச் செல்கிறீர் என்பனவே. மேலங்கியையும் பச்சை குத்திய தோள்களையும் படம் எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவதும் உண்டு என்று கழகத்தார் முறையிடுகின்றனர். அபராதம் இல்லை, வழக்கும் இல்லை; ஆனால் ஒரு பெயர் ஓர் ஏட்டில் ஏறிவிடுகிறது.

நியூயார்க் மாநிலக் காவல் துறை மோட்டார் சைக்கிள்களுக்கு மட்டும் எனத் தனிச் சோதனைச் சாவடிகளை நடத்தியது. பாதுகாப்பின் பொருட்டு என்னும் விளக்கத்தை ஏற்று, 2011இல் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் அதனைச் செல்லும் என்றது. அமெரிக்க நாடாளுமன்றமோ 2015இல் இத்தகைய தனிச் சாவடிகளுக்குக் கூட்டரசின் பணம் செலவிடப்படலாகாது எனச் சட்டம் செய்தது.

இவையெல்லாம் சிறு தொல்லைகள் என்று கருதுவார்க்கு வேக்கோ நகர நிகழ்ச்சி விடையாகும். 2015 மே 17 அன்று டெக்சஸ் மாநிலத்து வேக்கோவில் ஓர் உணவகத்தில், பல கழகங்களின் கூட்டமைப்பு ஒன்று கூடுவதாக இருந்தது. பேண்டிடோஸ், காசக்ஸ் என்னும் இரு கழகங்களுக்கு இடையே முன்னரே பகை இருந்தது. மேலங்கியின் கீழ் வளைவில் 'டெக்சஸ்' என்னும் சொல்லை அணியும் உரிமை யாருக்கு என்பதே அப்பகையின் ஒரு காரணம். காவலர் முன்கூட்டியே அறிந்து வெளியே நின்றிருந்தனர். கைகலப்பு துப்பாக்கிச் சூடாயிற்று, காவலரும் சுட்டனர். 9 பேர் மாண்டனர், பலர் காயமுற்றனர்.

அதன்பின் நடந்ததே நம் ஆய்வுக்குரியது. 177 பேர் கைது செய்யப்பட்டனர். ஒவ்வொருவர் மீதும் அளிக்கப்பட்ட பிரமாணப் பத்திரம் ஒரே வாசகம் உடையது. பெயர் எழுதும் இடம் மட்டும் மாறிற்று. அவ்விடத்தில் இருந்தமையும் கழகச் சின்னம் அணிந்தமையும் அதில் சொல்லப்பட்டனவேயன்றி, இன்னார் இன்னது செய்தார் என்பது சொல்லப்படவில்லை. ஒவ்வொருவருக்கும் பிணைத் தொகை 10 இலட்சம் டாலர் என்று விதிக்கப்பட்டது. அத்தொகையைக் கட்ட இயலாமல் வாரக்கணக்கில் சிறையில் கிடந்து வேலையை இழந்தோர் இருந்தனர். ஒருவர் குற்றவாளியோடு ஒரே இடத்தில் இருந்தார் என்பது கொண்டே அவரைச் சோதனையிடுதலும் கூடாது என்று 1979இலேயே உச்ச நீதிமன்றம் இபாரா வழக்கில் கூறியிருந்தது. சோதனைக்கே போதாத காரணம் இங்குச் சிறைக்குப் போதுமானதாயிற்று. 155 பேர்மீது குற்றச்சாட்டு வரையப்பட்டது. விசாரணைக்கு வந்த வழக்கு ஒன்றே ஒன்று. 2017இல் அதுவும் ஜூரிகளிடையே ஒருமித்த முடிவு எட்டாமல் முறிந்தது. 2019 ஏப்ரலில் எஞ்சிய வழக்குகள் அனைத்தும் கைவிடப்பட்டன. ஒன்பது உயிர்களுக்காக ஒருவர்கூடத் தண்டனை பெறவில்லை.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையைப் பயிலும் மாணவர் இவ்விடத்தில் சற்றே நின்று எண்ணலாம். கோவலனைக் காட்டிய பொற்கொல்லனிடம், இவன் தோற்றம் கள்வன் தோற்றமாக இல்லையே என்றனர் காவலர். உடனே அவன் கோவலன் செய்தது இன்னது என்று சான்று காட்டவில்லை. கள்வர்க்குத் துணையாவன எட்டு என்று களவு நூலை எடுத்து விரித்தான். பொதுவாகக் கள்வர் எத்தகையர் என்னும் விளக்கம், குறிப்பாக இவன் என் செய்தான் என்னும் வினாவை விழுங்கிவிட்டது. எட்டையும் கேட்டு முடித்தபின், கல்லாத களிமகன் ஒருவன் வாளை வீசினான். உண்மைக் கள்வனோ அருகிலேயே நின்றான். தோற்றத்தைப் பொதுவிதியால் அளக்கும் முறை குற்றமற்றவனைக் கொல்வதோடு குற்றவாளியைக் காக்கவும் செய்யும் என்பதை இளங்கோவடிகள் அந்த ஒரு காட்சியில் வைத்துள்ளார். வேக்கோவில் நிகழ்ந்ததும் இதுவே என்பது என் துணிபு.

இதனால் கழகத்தார் எல்லாரும் தூயவர் என்று யான் வாதிப்பதாகக் கொள்ளற்க. போதைப்பொருள் வாணிகமும் கொலையும் செய்தவர் அவருள் உண்டு. பேண்டிடோஸ் கழகத்தின் தேசியத் தலைவரும் துணைத் தலைவரும் 2018இல் சான் அன்டோனியோ நகரக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டு ஆயுள் தண்டனை பெற்றனர். அவ்வழக்கில் சாட்சிகள் இருந்தனர். இன்ன செயல், இன்னார் ஆணை என்று மெய்ப்பிக்கப்பட்டது. ஒரே மாநிலம், ஒரே கழகம், ஏறத்தாழ ஒரே காலம். செயலைத் தேடிய வழக்கு தண்டனையில் முடிந்தது. மேலங்கியைத் தேடிய வழக்கு காற்றில் கரைந்தது. குற்றத்தை ஒடுக்க இத்தகைய கடுமை தேவை என்பார் இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்குதல் நன்று.

சின்னத்தையே பறித்துவிடும் முயற்சியும் நடந்தது. கலிபோர்னியாவின் மங்கோல்ஸ் கழகச் சின்னத்தின் வணிகக் குறி உரிமையை அரசு கைப்பற்றினால், அதனை அணிந்தவர் முதுகிலிருந்து மேலங்கியைக் காவலர் கழற்றிவிடலாம் என்பது 2008இல் தொடங்கிய திட்டம். கழகம் குற்றம் புரிந்தது என்று ஜூரிகள் பின்னர் முடிவு செய்தபோதும், சின்னத்தைப் பறித்தல் பேச்சுரிமைக்கும் மிகைத்தண்டனைத் தடைக்கும் மாறானது என்று 2019இல் நீதிபதி மறுத்துவிட்டார். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து இன்னும் கடந்து சென்றது. பட்டியலிட்ட கழகத்தார் மூவர் பொது இடத்தில் சேர்ந்து நிற்பதே சிறைக்குரிய குற்றம் என 2013இல் அங்குச் சட்டம் வந்தது. 2016இல் வேறு சட்டம் அதன் இடத்தைப் பெற்றது.

நம் சமுதாயப் பெரியோர்க்கு இச்செய்தி முற்றிலும் புதிதன்று. 2001 செப்டம்பருக்குப் பின் நியூயார்க் நகரக் காவல் துறை பள்ளிவாசல்களையும் முஸ்லிம் மாணவர் சங்கங்களையும் கடைகளையும் கண்காணித்துக் குறிப்பெழுதிவந்தது. தாடியும் தொப்பியும் அங்கு மேலங்கியின் இடத்தில் நின்றன. அதனை எதிர்த்த வழக்கைத் தொடர்ந்து நடத்தலாம் என்று 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. 2018இல் காவல் துறை உடன்பாட்டிற்கு வந்தது. மிகுதியான ஐயத்தையும் துருவித் தேடலையும் விலக்கும் திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயத்தை ஓதும் நாம், பள்ளிவாசல் வாயிலில் நின்ற ஐயத்தை மட்டும் கண்டித்து, மதுக்கடை வாயிலில் பச்சை குத்திய தோளோடு நிற்பவன்மீதான ஐயத்தை நியாயம் என்று கூறுதல் இயலுமா? அவன் வாழ்க்கை முறை நமக்கு உடன்பாடன்று; அது வேறு செய்தி.

கழகத்தார் இதற்கு மாற்றினைத் தேடியது சட்டமன்ற வாயிலாகவே. வாஷிங்டன் மாநிலம் 2011இல் இத்துறையில் முதற்சட்டம் இயற்றியது. ஒருவர் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறார் அல்லது அதற்குரிய உடை, சின்னம் அணிந்துள்ளார் என்பதை, அரசியலமைப்பு ஏற்கும் காரணம் இருப்பினும் இல்லாவிடினும், நிறுத்தவோ கைது செய்யவோ சோதிக்கவோ ஒரு காரணியாகக் கொள்ளுதலை அது விலக்குகிறது. மேரிலாந்து 2016இல் தொடர்ந்தது. 2018 டிசம்பரில் அமெரிக்க செனட் சபை இவ்வழக்கம் பற்றிய விழிப்புணர்வை வளர்க்கும் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. அது கட்டுப்படுத்தும் சட்டம் அன்று. வாஷிங்டன் சட்டத்தில் மற்றொரு விதியும் உண்டு. புதிதாகச் சேரும் காவலரின் அடிப்படைப் பயிற்சியில் இதுவும் இடம்பெற வேண்டும். பணியில் இருப்போர்க்கோ, தோற்றம் கண்டு ஐயுறுதல் பற்றி முன்னரே நடந்துவரும் பயிற்சியோடு சேர்த்தே இதனைக் கற்பிக்க வேண்டும் என்பதே அவ்விதி.