வன்னிமைக் குலமும் யானைத் திறையும்

பண்டார வன்னியனை நாம் வீரனாகவே அறிவோம். அவனது குலத்தின் அதிகாரம் எதன்மீது நின்றது என்பதை ஆராய்ந்தோமல்லோம்.

வன்னிமைத் தலைமை தலைமுறை வழி வந்தது. ஆயினும் அதன் அடித்தளம் குருதியுறவன்று. குளத்து நெல்லும் காட்டு யானையுமேயாகும். ஒல்லாந்தர் வன்னியரிடம் யானைகளையே திறையாகக் கோரினர். குடிகளின் உழைப்பால் பிடிபட்ட அவை ஆனையிறவைக் கடந்து, பளை அமைந்த பச்சிலைப்பள்ளி வழியே யாழ்ப்பாணம் சென்று, இந்திய வணிகருக்கு விற்கப்பட்டன.

1782இல் ஒல்லாந்தர் வன்னியைப் படைகொண்டு அடக்கினர். 1803 ஆகஸ்டில் பண்டார வன்னியன் ஆங்கிலேயரிடமிருந்து முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றினான். அவ்வாண்டு ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க்கிடம் தோல்வியுற்றான். ஆங்கு நாட்டப்பெற்ற கல் அத்தோல்வியையே கூறிற்று, இறப்பைக் கூறவில்லை.

ஸ்கொட்லாந்தின் மேட்டுநிலக் குலத்தலைவர்கள் இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கவர். 1746இல் குலோடன் போரில் கிளர்ச்சி முறியடிக்கப்பட்டது. மறு ஆண்டே அவர்தம் பரம்பரை நீதியதிகாரம் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பலர் நிலக்கிழாராக எஞ்சி, செம்மறி வளர்ப்புக்காகத் தம் குடிகளையே வெளியேற்றினர். வன்னியிலோ தலைமையே அழிந்தது. தலைவனுக்குச் சிலையுண்டு, யானை பிடித்த குடிகளுக்கு வரலாறில்லை. அதனை எழுதுவதே நம்முன் உள்ள பணியாகும்.