ஐந்து கிராம் உப்பு: யாருக்குப் புரிந்தது?

செகந்திராபாத்: "ஒருவருக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்கு மேல் வேண்டாம்" என்ற வாசகத்தை வாசகர்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். எங்கள் ரயில்வே குடியிருப்பின் தமிழ்ப் பெண்மணிகள் சிலரிடம் இதைக் காட்டி, "புரிகிறதா?" என்று கேட்டேன். எல்லோரும் தலையாட்டினர்.

"சரி, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்றதும் கதை மாறியது. ஒரு மாமி, குடும்பம் முழுமைக்கும் ஐந்து கிராம் என்றார். இன்னொருவர், ஊறுகாயும் அப்பளமும் கணக்கில் சேராது என்றார். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடும் என் மாமியாரும் அதே கட்சி!

அறிவுரையை அச்சிடுமுன் மக்களிடம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். அமெரிக்க வேளாண் துறை, 1991-ல் சர்ச்சைக்குள்ளான தனது உணவுப் பிரமிடுப் படத்தை நிறுத்தி வைத்து, கிண்ணப் படத்தோடு ஒப்பிட்டு மக்களிடம் சோதித்து, 1992-ல் வெளியிட்டது.

நம் தார்நாகாவிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் 17 உணவு நெறிகளை வெளியிட்டது. 1918-ல் குன்னூரில் துளிர்த்து, 1958-ல் ஹைதராபாத் வந்த நிறுவனம் அது. நம்மைப் போலவே குடிபெயர்ந்தது! அதன் நெறிகள் நம் அடுக்களை வரை வர வேண்டாமா?

"ஆளுக்குத் தலைதட்டிய ஒரு டீஸ்பூன், ஊறுகாய், அப்பளம் எல்லாம் அதற்குள்ளேயே" என்று மாற்றிச் சொன்னேன். மாமியார் சற்று யோசித்தார். "இதை முதலிலேயே இப்படி எழுதக்கூடாதா?" என்றார்.

சுவரில் எழுதுவோர் அந்தக் கேள்விக்குச் செவி சாய்ப்பார்களா?